தொடாத குப்பி

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குழாயை மூடினாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த ஆறு வயது மகன் எழுந்துகொண்டிருந்தான். எழுந்திருப்பதில் சத்தம் என்ன வேண்டிக்கிடக்கிறது? முதலில் இரண்டு உள்ளங்கையும் தரையில் பதிகிற ஓசை, பிறகு முழங்காலில் ஒரு தட்டு, அதற்கு மேலே தொடையில் ஒரு தட்டு, தன் உடம்பின் மேலேயே கையை ஊன்றி ஏறி வருகிறவனைப் போல, கடைசியில் ஒரு சின்ன மூச்சு. நாலு காலில் போனது இரண்டு காலில் நிமிர எத்தனையோ லட்சம் வருஷம் ஆனதாமே, அத்தனையையும் அவன் அரை நிமிஷத்தில் கடந்து நின்றான்.

அந்தச் சத்தம் அவளுக்கு மனப்பாடம். பெரியவனும் ஆறு வயதில் இப்படித்தான் எழுந்தான். பத்தில் சக்கர நாற்காலி. பதினான்கில் போய்ச் சேர்ந்தான். தசை கரைகிற நோய், தாய் வழியாக இறங்குவது.

சின்னவனைப் பெரியவனின் தம்பி என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். தம்பியாவது ஒன்றாவது! பெரியவன் சாவதற்கு முன் எடுத்துவைத்த செல்லிலிருந்து, நோய் தருகிற மரபணுவைத் திருத்தி, அவள் வயிற்றிலேயே வளர்த்த நகல் அவன். அச்சு அசல் அண்ணனேதான் என்று யாராவது சொன்னால் சிரித்து வைப்பாள்.

"கையை ஊனாம எந்திரிடா."

"கால் வர மாட்டேங்குதும்மா. நாளைக்கு வரும்."

பெரியவனும் நாளைக்கு வரும் என்றுதான் சொல்வான்.

மிச்சப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்தாள், மகனுக்குச் சட்டை மாற்றினாள், பஸ் பிடித்து ஆராய்ச்சி மருத்துவமனைக்குப் போனாள்.

முன்பு அவள் வேலை பார்த்த இடம்தான். கீழ்த்தளத்தில் செல் குப்பிகளை உறையவைக்கிற அறை பதினோரு வருஷம் அவள் பொறுப்பில் இருந்தது. அங்கே எதையும் ஒற்றையாக வைக்க மாட்டார்கள். மரபணுவைத் திருத்தியது ஒன்று, தொடாதது ஒன்று. தொடாததும் கூடவே வளர்ந்தால்தானே திருத்தியது தேறியதா என்று தெரியும்? எலிக்கும் அதுதான் சட்டம், அவள் மகனுக்கும் அதுதான் சட்டம். பெரியவனின் செல்லிலிருந்து எடுத்த இரண்டு குப்பிகளில் ஒன்று வேறொரு பெண்ணின் வயிற்றுக்குப் போகும், அவளிடம் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பது இவளுக்குத் தெரியும். யாரோ ஒருத்திதானே என்று இருந்துவிட்டாள்.

யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்கள். குப்பிகளின் மேல் எழுத்துக் கிடையாது. தட்டில் முதல் குழி அவளுடையது, இரண்டாவது மற்றவளுடையது. முதல் குழியில் தொடாதது என்று பதிவேட்டில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டையும் இடம் மாற்றி வைத்தாள். பெற்றவளுக்கு அதுகூடச் செய்யத் தெரியாதா?

பினாயில் வாடையும் உறைபெட்டிகளின் ரீங்காரமும் அப்படியே இருந்தன. மகனைத் தாழ்வாரத்தில் நோட்டுடன் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்காதேம்மா. உன் பையனுக்கு வரவே கூடாதே."

"சீட்டுல எனக்குத் தொடாததுதான் விழுந்துச்சு சார்."

"உனக்கும் தெரியுமா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு மறுபடியும் அதையே கொடுக்க மனசு கேக்கல. உனக்காகத்தாம்மா, அன்னிக்குக் காலையிலேயே குப்பிகளை நான் மாத்தி வச்சுட்டேன்."

காலையிலேயே.

அவள் மாற்றியது மதியம்.

மேசையின் மேல் ஒரு பேனா மூடி இல்லாமல் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு பையன் எப்படி இருக்கான் சார்?"

"அதாம்மா புரியல. நோயே காணோம். ஓடுறான், குதிக்கிறான். இன்னிக்குத்தான் பரிசோதனை, அம்மாவும் பிள்ளையும் வந்திருக்..." டாக்டர் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார், வைத்தார். "நீ... என்னம்மா செஞ்ச?"

அவள் எழுந்து வெளியே வந்தாள்.

நீளத் தாழ்வாரம். மருந்து தருகிற சன்னலில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். தரையில் சின்னவன் வரைந்துகொண்டிருந்தான், தலை குனிந்து.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவருகிற காலடி.

ஓடிவந்தவன் சுவரைத் தொட்டான். திரும்பினான். மறுபடி ஓடினான். பெரியவனின் காது. பெரியவனின் தெற்றுப்பல். பெரியவன் ஒருநாளும் ஓடாத ஓட்டம்.

அவளுக்கு முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கச் சிரித்தான்.

அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. இவன்தான் என்று மட்டும் தோன்றியது. தான் கேட்டது இவனைத்தான். வாங்கிக்கொண்டு போகாமல் விட்டதும் இவனைத்தான்.

கையை நீட்டினாள்.

அவன் பிடித்துக்கொண்டான். சூடான கை. தெரிந்த கை.

"எங்க போறோம்?"

"வீட்டுக்கு."

"ஓடலாமா?"

"ஓடலாம்."

சன்னலில் நின்றவள் திரும்பவில்லை. கதவு வரைக்கும் இருபது அடி. பத்து அடி. பின்னால் பென்சில் உருண்ட சத்தம். தரையில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்தன. முழங்காலில் ஒரு தட்டு. தொடையில் ஒரு தட்டு.

"அம்மா, இரும்மா. எந்திரிச்சுட்டேன்."

பின்னால் கை வழுக்கியது. மறுபடி தரை. உள்ளங்கைகள். முழங்கால்.

அவள் கதவைத் தள்ளிப் படியிறங்கினாள். பக்கத்தில் அவன் இரண்டிரண்டு படியாகக் குதித்துக்கொண்டு வந்தான்.