ஆச்சு

பிற்பகல் இரண்டு மணிக்கு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் மூன்று மணி வேலைக்கு நேராக ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. அவளுடைய கையெழுத்துதான், வால் மட்டும் அவசரமாக மேலே பறந்திருந்தது. பால்கனிக் கதவைத் திறந்தாள். அவள் இன்னும் காயப்போடாத துணியெல்லாம் கொடியில் சொட்டிக்கொண்டிருக்க, சோப்பு வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது.

அட்டவணை கணவனின் ஏற்பாடு. போன வருஷம் ஆறு நாள் தூங்காமல் சமையலறைச் சுவருக்கு நாலு தடவை வெள்ளையடித்து, கைக்குழந்தையை மொட்டைமாடியில் மறந்துவிட்டு வந்தாளே, அதற்குப் பிறகு வந்தது. "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா பாப்பா எங்ககிட்டதான் வளரும்" என்று மாமியார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அதனால் மாத்திரை. மாத்திரையில் மனசு அடங்கியது. ஆனால் ஊர் கொட்டாவி விடும்போதுதான் அவளுக்குக் கண் தெளிந்தது. ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது உடம்பு கல்லாய்க் கிடந்தது.

"சில பேருக்கு அப்படித்தாம்மா. மூளைக்குள்ள ஓடுற கடிகாரம் மெதுவாயிடும். மத்தவங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால ஓடுறீங்க, அவ்வளவுதான்" என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே.

அப்படியென்றால் முன்னால் ஓடுவது யார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. படித்தவர், அவருக்கும் தோன்றவில்லை.

முதல் டிக் வந்து பத்து நாளாகிறது. அன்றே கணவனிடம் சொல்ல வாயெடுத்தாள். அலுவலகத்திலிருந்து மணிக்கொரு தடவை கூப்பிடுகிற மனுஷன் ஒரே வார்த்தைதான் கேட்பான்.

"ஆச்சா?"

"ஆச்சு."

பொய்யில்லையே. பாட்டில் கழுவியாச்சு, பால் குடுத்தாச்சு. யார் செய்தது என்பது அந்தச் சொல்லுக்குத் தேவையில்லை, அவனுக்கும் தேவைப்படவில்லை. சொன்னால் பாப்பா கையைவிட்டுப் போய்விடும். சொல்லாவிட்டால் வேலை மிச்சம். வெட்கங்கெட்ட நிம்மதிதான். ஆனாலும் மதியங்களில் படுக்க ஆரம்பித்தாள்.

இன்றும் படுத்தாள். பாப்பாவின் உள்ளங்கை அவள் கழுத்தில் வெதுவெதுப்பாக ஒட்டியிருந்தது. திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாகக் கசிய, தூரத்தில் எங்கேயோ யாரோ ஆணி அடிக்க, அந்தச் சத்தம் ஒவ்வொன்றாகக் கனத்துக் கனத்து அவளைக் கீழே இழுத்துக்கொண்டு போனது.

கண் விழித்தபோது கழுத்து குளிர்ந்திருந்தது.

பக்கத்தில் கைவைத்துப் பார்த்தாள். விரிப்புதான்.

சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று. நான்கு மணிக்கு அட்டவணையில் என்ன? யோசித்தாள். யோசனை தேனில் விழுந்த எறும்பாய் நகர்ந்தது. நான்கு மணி. பாப்பாவுக்குக் குளியல்.

குளியலறையில் குழாய் திறந்திருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே ஒரு தாலாட்டு. அவள் குரல்தான். ஆனால் மூச்சுவிடாமல், வரி மேல் வரி ஏறி, யாரோ துரத்துகிற மாதிரி.

எழுந்தாள். கால் நகரவில்லை. சுவரைப் பிடித்தாள்.

குழாய் நின்றது.

ஒரு அடி. இன்னொரு அடி. ஐயோ, சீக்கிரம். உடம்பு கேட்கவில்லை.

கையோடு எடுத்துவந்த போன் அதிர்ந்தது, கணவன்தான். விரல் பட்டுத் திறந்துகொண்டது.

"ஆச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் குளியலறையிலிருந்து பதில் போனது.

"ஆச்சுங்க!"

"சரி, வச்சிடறேன்." வைத்துவிட்டான்.

கதவைத் தள்ளினாள்.

அவளுடைய நைட்டி. அவளுடைய பின்னல். முழங்கைவரை ஈரம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாப்பாவை மடியில் சாய்த்து, அவள் இதுவரை ஒருநாளும் துவட்டாத வேகத்தில், அத்தனை ஆசையாகத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு போன பக்கமெல்லாம் அந்தச் சின்னத் தலையும் சிணுங்கலில்லாமல், துவண்டபடி போய்ப் போய் வந்தது.