கழற்றிய நாக்கு

கழற்றிய நாக்கு விஜேந்திரனின் கால்சட்டைப் பையில் கிடந்தது. இருந்தும், பம்பை நிறுத்தியதும் வால்வுக்குள் ஏதோ மூடிக்கொண்டது. மெதுவாக. யாரோ உச்சுக்கொட்டியது போல.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஆற்றோரப் பம்ப் அறையிலிருந்து தண்ணீர் குன்றின் மேலிருக்கும் தொட்டிக்கு ஏறும். பம்ப் நின்றதும் ஏறிய தண்ணீர் திரும்பிப் பாயாதபடி, வால்வுக்குள் கீலில் தொங்கும் வட்டத் தகடு விழுந்து வழியை மறிக்கும். தோட்டத்தில் அதற்கு நாக்கு என்று பெயர். பழைய நாக்கு கனம். தாமதமாக விழுந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமே அதிர அறையும். போன மாதம் தோட்டத்துப் பட்டறை இளைஞன் ஜனகன் இலேசான தகடு செய்து, அது சாத்திக்கொள்ளும் வாயைச் சாய்வாக அமைத்து, கொஞ்சமே ஆடும்படி மாட்டினான். சத்தம் போயிற்று. விஜேந்திரனின் தூக்கமும் போயிற்று.

பம்ப் அறைக் கதவில் ‘நீர் வழங்கல் பிரதமப் பொறுப்பாளர்’ என்று தன் கையாலேயே பெயின்ட் அடித்துக்கொண்டவர் அவர். சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான் அந்தப் பிரதமப் பொறுப்பு. ஜனகன் குடிகாரன், இரும்பு திருடுகிறான் என்று லயம் லயமாகச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. மனைவி மனோரஞ்சிதம்கூடச் சோற்றைப் போட்டபடியே, “இப்பதாங்க புள்ள முழிக்காம தூங்குது. ஜனகன் தம்பிக்கு ராசியான கை” என்றாள். அந்தச் சோறு இறங்கவேயில்லை.

இன்று தோட்ட மேலாளரான தொரை வால்வைப் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் பம்ப் அறை ஜனகனுக்கு. அதனால்தான் நாக்கை உருவினார்.

மறுபடி சுவிட்சைப் போட்டு அணைத்தார். கிரீஸ் வாடையோடு, ஜன்னல் இடுக்கில் நுழைந்த பனிமூட்டத்தின் ஈரத்தோடு, அவர் மதியம் தின்ற நெத்திலிச் சம்பலின் வாடையும் வால்விலிருந்து மெல்லக் கசிந்தது. தண்ணீர் திரும்பவில்லை. உச்சுக்கொட்டல் மட்டும்.

காதை வைத்தார். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே முணுமுணுப்பு.

ஜனகன் குடிகாரன். ஜனகன் திருடன்.

அவருடைய குரல்.

வெளியே செருப்புச் சத்தம். “அண்ணே, தொரை வந்திருக்காரு. கதவத் தொறங்க.”

வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

“மேல தொட்டியப் போயி பாருங்க தம்பி” என்றது வால்வு, அவர் குரலில், பாசமாக. “நீங்க செஞ்சதுல என்ன கொற? அருமையான வேல.”

“அண்ணன் வாயிலயா இது வருது?” ஜனகன் சிரித்தான். செருப்புச் சத்தம் மேட்டில் ஏறித் தேய்ந்தது.

பைக்குள் கையை விட்டார். காலி.

வாய்க்குள் விரலை விட்டார். சில்லென்று. வட்டமாக. மேலே கீல்.

மூச்சை விட்டார். தகடு மேலெழுந்து வழிவிட்டது.

மூச்சை இழுத்தார்.

மெதுவாக, உச்சுக்கொட்டிக்கொண்டு, அது மூடியது.