வழிக்காத கன்னம்

துடைத்து எண்ணெய் தடவி ஜன்னல் மேட்டில் வைத்திருந்த சவரக்கத்தியில் மறுபடியும் ஒரு நரைமயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. உமி நீளம்கூட இல்லை. தேவநாதன் ஊதிப் பார்த்தான், போகவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தான். வீட்டில் நரைத்த தலை யாருக்கும் இல்லை. இருந்த ஒருவரும் போய் வருஷம் திரும்பப் போகிறது.

கத்தி அவன் அப்பா கோவிந்தசாமியுடையது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாண்டிச்சேரியில் வாங்கியது. இரும்பு இன்னும் நல்ல இரும்பு. கத்தி மடங்கிப் படுக்கிற கைப்பிடிதான் உளுத்துப்போய் விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றி, திதியன்று காலையில் அந்தக் கத்தியாலேயே தன் ஒரு வருஷத் தாடியை எடுக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். ஆசை என்று மனைவி கொளஞ்சியம்மாளிடம் சொல்லியிருந்தான். பரிகாரம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

கடைசி மாதங்களில், வாதம் அடித்து வலப்பக்கம் செத்து, வாய் ஒருபுறம் கோணித் திறந்தபடி அப்பா உள்ளறைக் கட்டிலில் கிடந்தார். சோறு, மருந்து எதற்கும் குறை வைக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கன்னம் அரிக்குதுடா தேவா. ஒரு கை வழிச்சி வுடு."

"தோ, வந்துட்டேம்பா."

ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு துண்டு சோப்பு, கால்மணி நேரம். கடவுள் மனுஷனிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் இவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் பீங்கான் கம்பெனிக்குப் போய்விடுவான். அப்பா கன்னத்தைத் தலையணையில் தேய்ப்பார். சரக், சரக். கடைசியில் தாடியோடுதான் அவரை மணிமுத்தாற்றங்கரைக்குத் தூக்கிப்போனார்கள்.

முதலில் கருங்காலிக் கட்டையில் கைப்பிடி செதுக்கினான். இழைத்துப் பளபளவென்று வைத்ததை மறுநாள் தொட்டால் சொரசொரத்தது. மரம் ஈரம் குடித்துச் சிலும்பியிருக்கும் என்று எண்ணிக்கொண்டான். அப்புறம் எருமைக்கொம்பு. அரம் போடப் போட மயிர் கருகும் நாற்றம். கொம்பென்றால் அப்படித்தான் நாறும். ஆனால் அரத்தை வைத்த பிறகும் நாறியது. கறுத்த கொம்பின் மேல் வெள்ளை வெள்ளையாக, விரலைக் குத்தும்படி ஏதோ அரும்பியிருந்தது.

"பகல்ல தேய்க்கிறது போதாதாங்க? ராத்திரியிலயுமா?" என்றாள் கொளஞ்சியம்மாள். "மாமா தலகாணில தேய்ப்பாங்களே, அப்படியே கேக்குது."

அவன் ராத்திரியில் எதையும் தேய்க்கவில்லை.

கம்பெனியில் சூளை பார்க்கும் நல்லமுத்து சிரித்தான். "தாடி வுட்டு பாதி சாமியாராயிட்ட. உனக்கெதுக்குப்பா கத்தி? சரி, மரமும் கொம்பும் உசுரா இருந்த சாமான், அது ஏதாவது ஒண்ணு பண்ணத்தான் செய்யும். மண்ணுல பண்ணு. சூளையில வெந்து வந்ததுல என்ன இருக்கப்போவுது?"

அந்தச் சொல் தேவநாதனுக்கு ஆறுதலாக இருந்தது. அச்சு எடுப்பதுதான் அவன் வேலை. திதி நெருங்கிய பதற்றத்தில் பழைய கைப்பிடியையே வைத்துப் பிளாஸ்டர் அச்சு எடுத்தான். வேகும்போது மண் சுருங்கும், அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவனுக்கும் அவன் சொல்லித்தரும் முதல் பாடம் அது. அதையே மறந்தான்.

கைப்பிடி பால்போல வெளுத்து, வழுவழுவென்று வந்தது. பித்தளை ஆணி அடித்துக் கத்தியை மடக்கினான். மடங்கவில்லை. சிறுத்துப்போன கைப்பிடிக்கு வெளியே கத்தி ஒருபுறமாகத் துருத்தி நின்றது. கோணித் திறந்த வாய். அவன் அழுத்திப் பார்த்தான். மூடவில்லை.

திதியன்று விடிந்ததும் கொளஞ்சியம்மாள் ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். முற்றத்தில் கண்ணாடியை மாட்டி, முகத்தில் நுரை போட்டு, கத்தியை எடுத்தான். உள்ளங்கையில் பீங்கான் குளிர்ந்தது. பிறகு வெதுவெதுத்தது. பிறகு குத்தியது.

கன்னத்தில் வைத்து இழுத்தான். சரக்.

சத்தம் தன் முகத்திலிருந்து வரவில்லை. உள்ளறையிலிருந்து வந்தது.

கிண்ணத்து நீரில் மயிர் மிதந்தது. வெள்ளை மயிர். அவனுக்கு வயது முப்பத்திநாலு. கண்ணாடியில், கத்தி நுரையை வழித்த தடத்தில் அவன் தாடி கறுப்பாக, ஒரு மயிர் குறையாமல் இருந்தது.

கத்தியோடு எழுந்தான். கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று தெரியவில்லை. உள்ளறைக் கதவு திறந்திருந்தது. வெறுங்கட்டில். தலையணையின் நடுவில் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் சோப்பு நுரை.

அவன் நாக்கு தானாகப் புரண்டது.

"இந்தப் பக்கம் திருப்புங்கப்பா."

பள்ளம் மெல்ல மறுபக்கம் சாய்ந்தது.

வழித்தான். ஒன்றுமில்லாத இடத்தில் கத்தி ஒரு தாடையின் வளைவைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. சரக். சரக். கிண்ணம் நிறைந்தது. ஒரு கன்னம் முடிந்தது. கண்ணீரோடு விரலால் தடவிப் பார்த்தான். வழுவழுப்பு. மறு கன்னமும் முடிந்தது. முதல் கன்னத்தைத் திரும்பத் தொட்டான்.

குத்தியது.

வாசலில் ஈரப்புடவைச் சலசலப்பு. "என்னாங்க, ஐயரு வந்துட்டாங்க. இன்னுமா முடியல?"

"தோ, வந்துட்டேன்" என்றான் தேவநாதன்.

பள்ளம் மறுபடியும் இந்தப் பக்கம் திரும்பியது.