வெள்ளி வல்லூறின் அடித்தட்டு

துறைமுகத்தின் கோடியில் காலியாகக் கிடந்த ஒரு பழைய வீட்டுக்கு எஸ்கில் வந்து சேர்ந்தது நவம்பர் மாதத்து மத்தியானம் ஒன்றில், குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு. வண்டிக்குள் குழந்தை கிடையாது. எழுபதை நெருங்கும் மனுஷர் குழந்தைக்கு எங்கே போவார்? கம்பளி போர்த்திக்கொண்டு உள்ளே கிடந்தது ஒரு போர்க்கப்பல்.

'வெள்ளி வல்லூறு'. டேனிஷ் அரசரின் கடற்படையில் ஓடிய பாய்மரக் கப்பலை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்துகொண்டிருந்தார் எஸ்கில். அசல் கப்பல் இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு புயலில், ஊர் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே கவிழ்ந்தது. மேல்தட்டில் நின்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அடித்தட்டில் இருந்தவர்களும், தன் அறையை விட்டு வராத கேப்டனும் சேரவில்லை. அவர்களுடைய குடும்பப் பெயர்கள் இன்னும் ஊரில் கடைப் பலகைகளில் தொங்குகின்றன.

கப்பல் இத்தனை நாள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் இருந்தது. அன்று காலை மனைவி போடில் அதற்கு விடை கொடுத்துவிட்டாள்.

"மூணு கிறிஸ்துமஸுக்குத் தட்டை மடியில வெச்சுத் தின்னாச்சு. இந்த வருஷம் வாத்துக்கறிய மேஜையில வெச்சுத் தின்னப் போறேன். உன் கடற்படைய எங்கயாவது கூட்டிட்டுப் போ."

அந்தத் தீவில் எந்தக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் போனாலும் கூரையிலிருந்து ஒரு கப்பல் தொங்கும். இவர்கள் கோயிலில் தொங்கியதைப் பூச்சி தின்றுவிட்டது. ஒரு கல்யாணத்தின் நடுவில் அதில் பாதி மாப்பிள்ளையின் தலையில் இறங்கியது. மாப்பிள்ளை பிழைத்தார், கல்யாணமும் எப்படியோ பிழைத்தது. அன்றிலிருந்து வெறும் கொக்கி தொங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறன்று அதில் வெள்ளி வல்லூறை ஏற்றுவதாகப் பாதிரியம்மா விபெகெ அறிவித்திருந்தார். ஒரே நிபந்தனை: கப்பல் மாதிரிக் கழகத்தின் தலைவர் ப்ரேபென் பார்த்து, சரித்திரப்படி சரி என்று சொல்ல வேண்டும்.

ப்ரேபென் ஆயுள் முழுக்க ஊரார் பல்லைப் பிடுங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு பல் பார்க்கும் கண்ணாடியைக் கப்பல்களின் ஓட்டைக்குள் விட்டுப் பார்க்க ஆரம்பித்தார். எஸ்கிலின் முந்தைய கப்பலை எல்லார் முன்னாலும் சுற்றி வந்து, காபியை ஒரு வாய் உறிஞ்சி, "கொடி முப்பது வருஷம் முந்திப் பொறந்துடுச்சே, எஸ்கில்" என்றார். கழகமே சிரித்தது. எஸ்கிலின் காதில் அந்தச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

அதனால்தான் இந்தக் கப்பலில் யார் கண்ணுக்கும் படாததைக்கூட அவர் விடவில்லை. வைத்தியனின் எலும்பு அறுக்கும் ரம்பம், ரொட்டி அறையில் களிமண் ரொட்டிகள், பீப்பாய்க்குப் பின்னால் ஒரு எலி, அந்த எலிக்கு வால்.

ஒன்றைத்தான் விட்டுவிட்டார்.

அடித்தட்டிலிருந்து பீரங்கித் தட்டுக்கு ஏறும் ஏணி. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். முதல் தடவை இடுக்கியில் நசுங்கியது. இரண்டாவது தும்மலில் பறந்தது. மூன்றாவது ஒட்டியபின் கோணலாக நின்று அவரைப் பார்த்து இளித்தது. "போ, சனியனே" என்று அதை அடுப்பில் எறிந்துவிட்டு, எவன் பார்க்கப் போகிறான் என்று மேலே பலகை வரிசையை ஒட்டி மூடிவிட்டார். இது போடிலுக்குக்கூடத் தெரியாது.

துறைமுக வீட்டு மாடியில் கப்பலை இறக்கிவைத்து, அடுப்பை மூட்டி, பாய்மரக் கயிறுகளில் கைவைத்தார். நாலு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. கடலிலிருந்து ஏறிய மூடுபனி கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. எங்கோ ஒரு மிதவையின் மணி, தூக்கத்தில் புரள்பவனைப் போல, ஒரு தரம் அசைந்து அடங்கியது.

டொக்.

எஸ்கில் நிமிர்ந்து பார்த்தார். அடுப்பு விறகாக இருக்கும்.

டொக். டொக்.

கப்பலில் காதை வைத்தார். உள்ளேயிருந்துதான் வந்தது. மரம் துளைக்கும் வண்டு! கல்யாண மாப்பிள்ளையின் தலை அவருக்கு ஞாபகம் வந்தது. மறுநாளே கடைக்குப் போய்ப் பூச்சிமருந்து வாங்கிவந்து, பீரங்கி நீட்டும் சாளரம் ஒன்றின் வழியாக உள்ளே நன்றாகப் பீச்சினார்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

ஒருவர் இல்லை. பலர்.

எஸ்கில் மருந்து டப்பாவைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, நியாயமாகப் பயப்பட வேண்டிய இடத்தில், அவருக்குக் கோபம்தான் வந்தது. கயிறு கட்டவே நாள் போதவில்லை. இதில் இது வேறா?

அதிலிருந்து வேலை ஓடவில்லை. ஒரு முடிச்சைப் போடும்போது கீழேயிருந்து தட்டுவார்கள். முடிச்சு அவிழ்ந்துவிடும். மறுபடி போடுவார், மறுபடி தட்டுவார்கள். ஒட்டி மூடியிருந்த கீழ்வரிசைச் சாளரக் கதவுகள் காலையில் வந்து பார்த்தால் மயிரிழை திறந்திருக்கும். அவற்றின் ஓரங்களில் ஈரமாக, வரிசையாக, கசகசா அளவில் ஏதோ பதிந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

விரல் நுனிகள்.

துடைத்துவிட்டு மறுபடி ஒட்டினார். தார் வாசனையும் நனைந்த கம்பளியின் வாசனையும் மாடிப்படி வரை இறங்கின. கப்பல் கனக்க வேறு ஆரம்பித்தது. ஒற்றைக் கையால் தூக்கியதை இப்போது இரண்டு கையாலும் நகர்த்த முடியவில்லை. மேஜையின் ஒரு கால் விரிந்துகொண்டது.

போடில் ரை ரொட்டியும் ஈரல் விழுதும் டப்பாவில் எடுத்து வந்தவள், கோட்டைக் கழற்றாமலே நின்று கேட்டாள்.

"எஸ்கில், உன் கப்பல்ல ஆள் இருக்கு."

"தெரியும்."

"என்ன வேணுமாம்?"

"எனக்கென்ன தெரியும்? வாடகை ஒண்ணும் தரலை."

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன் அவர் எதையும் மறைத்து ஜெயித்ததில்லை. "ஒரு ஏணி விட்டுப்போச்சு" என்றார், பசை பாட்டிலிடம் சொல்வதைப் போல.

"எங்க?"

"அடித்தட்டுல."

போடில் மெல்ல உட்கார்ந்தாள். அவளுடைய பாட்டன் வழியில் ஒருவன் அந்தக் கப்பலோடு போனவன். "எலிக்கு வால் வெச்சியே, பாவி" என்று மட்டும் சொன்னாள்.

"மேல்தட்டை அறுத்தாத்தான் வைக்க முடியும். அறுத்தா தழும்பு தெரியும். நாளைக்கு ப்ரேபென் வர்றான். இன்னொரு தடவை அந்தச் சிரிப்பை என்னால கேட்க முடியாது, போடில்."

கீழேயிருந்து யாரோ ஒப்புக்கொள்வதைப் போலத் தட்டினார்கள்.

ப்ரேபென் சொன்ன நேரத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், கப்பலைச் சுற்றி நடந்தார். கொடியைப் பார்த்தார். நங்கூரத்தைப் பார்த்தார். "ம்" என்றார். எஸ்கிலுக்கு அந்த 'ம்' தேனாக இருந்தது. பிறகு ப்ரேபென் பையிலிருந்து நீண்ட காம்புக் கண்ணாடியை எடுத்தார்.

"வாயைத் திற" என்று கப்பலிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே, சாளரத்துக்குள் விட்டார்.

சிரிப்பு பாதியில் நின்றது.

வெகுநேரம் குனிந்தே இருந்தார். கண்ணாடியை வெளியே எடுத்தபோது அதில் மூச்சுப் படிந்ததைப் போல ஆவி பூத்திருந்தது. ப்ரேபென் அதைத் துடைக்கவில்லை. அப்படியே கைக்குட்டையில் சுற்றினார்.

"எல்லாம் சரியா இருக்கு."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இருட்டுல என்ன தெரிஞ்சுது? நீ விளக்குக் கொண்டாரலையே?"

ப்ரேபென் வாசலில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். போடத் தெரியாதவர் போட்டதைப் போல அது முன்பின்னாகத் திரும்பி உட்கார்ந்தது. "உள்ள ஒருத்தன் எனக்கு விளக்குப் பிடிச்சான், எஸ்கில்" என்றார். படிகளில் அவர் இறங்கிய வேகத்தில் அவர் வயதுக்காரர் யாரும் இறங்கியதில்லை.

ஆக, ஜெயித்தாயிற்று. ஊரில் குறை கண்டுபிடிக்க இருந்த ஒரே ஆள் குறையே இல்லை என்று சொல்லியாயிற்று. வாழ்நாளில் ஒரு தடவை, பிழையில்லாத ஒரு கப்பல், எல்லார் தலைக்கும் மேலே! எஸ்கில் ஒரு குவளை காபியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். குடித்துக்கொண்டே கேட்டார்.

தட்டல் தளர்ந்திருந்தது.

முந்தியெல்லாம் முஷ்டியால் தட்டினார்கள். இப்போது விரலால் தட்டினார்கள். பலர் தட்டிய இடத்தில் சிலர் தட்டினார்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சு வாங்கியது.

"இருநூறு வருஷம் பொறுத்தீங்க" என்று எஸ்கில் கப்பலைப் பார்த்துக் கத்தினார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டீங்களா? தொங்கவிட்டப்புறம், ஏப்ரல் வாக்குல, இறக்கி ஏணி வெக்கிறேன். சத்தியம்!"

டொக்.

அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. காபி ஆறியது. மிதவை மணி அசைந்தது. எஸ்கில் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே கூரான கத்தியை எடுத்தார்.

மூன்று வருஷம் ஒட்டிய தட்டு. ஒவ்வொரு பலகையும் ஒரு சாயங்காலம். கத்தி இறங்கியபோது அவர் பல்லைக் கடித்தார். மேல்தட்டு போயிற்று, பீரங்கித் தட்டு போயிற்று. விளக்கைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

யாருமில்லை. சொட்டு ஈரமில்லை. எலி, பீப்பாய், ரம்பம், எல்லாம் வைத்தது வைத்தபடி. மூன்று வருஷ வேலையை ஒரு வெறும் பெட்டிக்காகக் கிழித்த மடையன்! அழுகை முட்டியது. அப்போதுதான் ரொட்டி அறை கண்ணில் பட்டது.

களிமண் ரொட்டிகளில் ஒன்று கடிபட்டிருந்தது.

தீக்குச்சிகளைச் சீவி ஏணி செய்ய உட்கார்ந்தார். முதலாவது உடைந்தது. இரண்டாவது உடைந்தது. கண்ணை நீர் மறைத்தது. மறைத்தபடியே மூன்றாவதை முடித்தார். இடுக்கியால் உள்ளே இறக்கியபோது பிடி நழுவிவிட்டது. போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்து பார்த்தால் ஏணி நேராக நின்றது. இன்னும் பசை தடவவில்லை.

கீழேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஏணிப் படிகள் கிரீச்சிட்டன. ஒன்று, அடுத்தது, அடுத்தது. ஒருவர் ஏறி முடித்ததும் இன்னொருவர். யாரும் அவசரப்படவில்லை, யாரும் பேசவில்லை. ஒவ்வொருவர் ஏறும்போதும் விளக்கின் சுடர் ஒரு தரம் தாழ்ந்து எழுந்தது. எஸ்கில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்திருந்தார். குளிர்காற்று ஒன்று அவர் கன்னத்தை உரசிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வாசல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மரியாதையாக, சத்தமில்லாமல்.

கப்பலைத் தூக்கிப் பார்த்தார். காலி முட்டை ஓடு போல எழும்பியது.

மிச்ச நாட்களில் தட்டை ஒட்டினார். ஒட்டு பல்லிளித்தது. ஞாயிறன்று பாதிரியம்மா ஜெபம் சொல்ல, கொக்கியில் ஏற்றினார்கள். கப்பலின் முகப்பு பலிபீடத்தைப் பார்த்திருக்க, வெள்ளி வல்லூறு எல்லார் தலைக்கும் மேலே நின்றது. எஸ்கிலுக்குப் பக்கத்தில் ப்ரேபென் வந்து உட்கார்ந்தார்.

"தழும்பு தெரியுது" என்றார், உதடு அசையாமல்.

"தெரியட்டும்."

"ஏணியா?"

"ஏணி."

ப்ரேபென் மேலே பார்த்தார். "கொடி நல்லா வந்திருக்கு" என்றார். எஸ்கிலின் காதில் அத்தனை நாள் கேட்ட சிரிப்பு அப்போதுதான் நின்றது. மெழுகுவத்தியின் வாசனை, ஈரக் கோட்டுகளின் வாசனை. போடில் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மௌன ஜெபத்துக்குத் தலைகளெல்லாம் குனிந்தன.

டக். டக். டக்.

மேலேயிருந்து. மாலுமிகள் தட்டுவதைப் போல இல்லை. அளவாக, நிதானமாக, வாழ்க்கையில் எந்தக் கதவுக்கும் காத்திருந்து பழகாதவர் தட்டுவதைப் போல.

எஸ்கில் போடிலின் மடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். தட்டை அறுத்தபோது கத்தியின் பின்பக்கம் இடித்து, கப்பலின் பின்னால் இருந்த கேப்டன் அறையின் கதவு கழன்று விழுந்திருந்தது. ஞாயிறு நெருங்கிய அவசரம். சுற்றிலும் பசையைப் பூசி அழுத்திவிட்டார். திறக்காவிட்டால் என்ன, எவன் பார்க்கப் போகிறான்?

"இப்ப என்னடா?" என்று ப்ரேபென் மூச்சாகக் கேட்டார்.

"கதவு."

"திறக்குமா?"

"திறக்காது. கைப்பிடிகூட வைக்கலை."

போடில் தலை நிமிராமல், "அது திரும்ப என் மேஜைக்கு வரக் கூடாது" என்றாள்.

கோயில் முழுக்க ஒரு சத்தமில்லை. அந்த அமைதியில், தலைக்கு மேலே, யாரோ ஒரு பித்தளைக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பினார்கள்.