ஏழாம் எண் கொக்கி

இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று காலையில்கூடச் சொன்ன மனிதர், முதல் வாசலிலேயே சரியான இடத்தில் தலையைக் குனிந்தார்.

வாசல் மிகத் தாழ்வு. வெளியே நாலு மணி வெயில் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே கால் வைத்ததும் கண்ணைக் கட்டிவிட்டது மாதிரி இருட்டு. அவள் நெற்றியை இடித்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக இடித்துக்கொண்டு முனகினார்கள். அவள் கணவர் மட்டும் அவள் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டே, மேலே பார்க்காமலே, கழுத்தைச் சாய்த்து உள்ளே போனார். சொந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் நுழைகிறவர் அப்படித்தான் நுழைவார்.

"வலிக்குதா?" என்று அவள் நெற்றியைத் தடவிவிட்டார்.

அவளுக்குத் தையல் தொழில். பதினோரு வருடமாகப் பள்ளிச் சீருடைகள். நூலிழை கோணினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. துணியைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியாது என்பது அவள் அண்ணனின் கட்சி. இந்தக் கல்யாணம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "அந்தாளோட முத பெண்டாட்டி எங்க போனான்னு கேட்டியா? வெளிய போனா, திரும்பி வரலைன்னா அது ஒரு பதிலா? செருப்பு தொலைஞ்சாக்கூட நாலு இடத்துல தேடுவாங்கம்மா" என்றார். அன்றைக்குக் கோபித்துக்கொண்டவள்தான், இரண்டு வருடமாக அண்ணனோடு பேச்சில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதை ஊருக்கே தெரியும். புருஷனை நம்பி அண்ணனைக் கைவிட்டவளின் கதையை யாரும் சொல்லிவைக்கவில்லை.

இன்று அவர்களுடைய இரண்டாவது கல்யாண நாள். இந்த இரண்டு வருடத்தில் அவர் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. பக்கத்தில் இருந்ததும் இல்லை. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து அவளைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் போன வாரம் தானாகவே வந்து, நகரத்தின் பேர்போன சாராய ஆலையைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு எடுத்திருப்பதாகச் சொன்னபோது அவளுக்கு நம்பவே முடியவில்லை. கூடவே ஒரு நீலக் கவுன். தையல் சுமார்தான். பாக்கெட்டும் இல்லை.

"ஒரு பாக்கெட் வெச்சுத் தெச்சுக்கட்டுமாங்க?"

"எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்? எல்லாத்தையும் என்கிட்ட குடு."

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உருகிப்போனாள். இன்றைக்காவது இந்த மனிதர் என்னோடு இருக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சுற்றிக் காட்டுகிறவள் ஐம்பது வயது மதிக்கத்தக்க, வாய் ஓயாத பெண்மணி. முதல் வேலையாக எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு அலமாரியில் போட்டுப் பூட்டினாள். "உள்ள காத்துலயே சாராயம் கலந்திருக்கும். ஒரு பொறி பட்டா போதும், எல்லாரும் சேர்ந்து மேல போயிடலாம். திரும்பி வரும்போது மறக்காம வாங்கிக்கங்க. கூட வந்தவங்கள மறந்துட்டுப் போனவங்க உண்டு, போனை மறந்துட்டுப் போனவங்க இதுவரைக்கும் யாரும் இல்ல!"

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பதினொரு பேர் சிரித்தார்கள்.

முளைவிட்ட பார்லியைப் பரப்பியிருந்த கூடம் நனைந்த சாக்கு மாதிரி மணத்தது. நீளமான மரப்பலகையால் பார்லியைப் புரட்டிக்கொண்டிருந்த கிழவர், அவள் கணவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். நீலக் கவுனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் கையிலிருந்த பலகை நின்றுவிட்டது. ஏதோ சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்து, சுற்றிக் காட்டுகிறவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டு, மறுபடி பார்லியைப் புரட்டத் தொடங்கினார்.

"உங்களத் தெரியுமாங்க அவருக்கு?"

"யாருக்கு?" என்றார் கணவர். அந்தக் கிழவரைத் தவிர அங்கே வேறு யாருமே இல்லை.

அடுத்தது பார்லிச் சாறு புளிக்கும் அறை. ஆளை விழுங்குகிற அளவுக்கு மரத்தொட்டிகள், மேலே அழுக்கு மஞ்சளில் ஒரு முழம் நுரை, நுரைக்கு அடியில் எதுவோ புரண்டு படுப்பது போல மெல்லிய சலசலப்பு. குனிந்து மோந்து பார்க்கச் சொன்னாள் சுற்றிக் காட்டுகிறவள். அவள் குனிந்தாள். மூக்கில் ஊசி ஏறியது மாதிரி இருந்தது. நெஞ்சுக்குள் காற்றே இல்லை. பதறிப் பின்வாங்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டிக்கு மேல் நல்ல காற்று நிற்காது என்றும், அதனால்தான் இங்கே உள்ளே போகிறவர்களுக்கும் வெளியே வருகிறவர்களுக்கும் எண்ணிக்கை தப்பவே கூடாது என்றும் அந்தப் பெண்மணி விளக்கினாள். அவள் திரும்பிக் கணவரைத் தேடினாள். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. அடுத்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்புக் கலன்கள் கொதிக்கும் அறையில் வெக்கை முகத்தில் அறைந்தது. அங்கேதான் அவர் முதல்முறையாகச் சுற்றிக் காட்டுகிறவளிடம் பேசினார்.

"கிடங்குல இன்னைக்கும் விளக்க அணைப்பீங்கல்ல?"

சுற்றிக் காட்டுகிறவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "அணைப்போம் சார். அது எப்படி அணைக்காம?"

அவள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். "இங்க வந்ததே இல்லைன்னு சொன்னீங்களே?"

"இன்டர்நெட்ல போட்டிருந்தாங்க. நீ ஒருத்தி, எதுக்கெடுத்தாலும் கேள்வி!" என்று சிரித்து அவள் கையைக் கோர்த்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் அவர் தானாகக் கை கோர்ப்பது இதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்லத்தான் வேண்டும்: அந்தக் கையின் சூட்டில் அவள் கேட்க வந்ததையெல்லாம் மறந்துபோனாள்.

பீப்பாய்க் கிடங்கின் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை, அதில் பதிமூன்று கொக்கிகள். கொக்கிக்கு ஒன்றாக எண் போட்ட பித்தளை வில்லைகள் தொங்கின. உள்ளே போகும்போது ஆளுக்கு ஒரு வில்லை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் அதே கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆலை தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கமாம். ஆளை எண்ண மாட்டார்கள், வில்லையைத்தான் எண்ணுவார்கள்.

அவள் நாலாம் எண்ணை எடுத்தாள். அவர் ஐந்து. அவர்கள் யாரும் தொடுவதற்கு முன்பே ஏழாம் எண் கொக்கி காலியாக இருந்ததை அவள் கவனித்தாள்.

"ஏழு எங்கேங்க? யாராவது உள்ள இருக்காங்களா?" என்று சுற்றிக் காட்டுகிறவளிடம் கேட்டாள்.

"ஆள் புழங்காத வீடு இடிஞ்சு போகும்னு சொல்லுவாங்கல்ல, கிடங்கும் அப்படித்தாம்மா. எப்பவும் ஒரு மூச்சு உள்ள இருக்கணும். மத்த ஆலையில வருஷத்துக்குச் சரக்குல நூத்துல ரெண்டு பங்கு காத்துல போயிடும். எங்க பீப்பாய்ல ஒரு சொட்டு குறையாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பன்னிரண்டு பேருக்கு நடுவில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் நின்றால் நன்றாகவா இருக்கும்?

"உன்னுத குடு. தொலைச்சிடுவ" என்று கணவர் கையை நீட்டினார்.

கொடுத்தாள். வீட்டுச் சாவியையும் கைக்குட்டையையும் கொடுத்தது போலவே கொடுத்தாள்.

உள்ளே குளிர். கல் தரை. கூரைவரை வரிசை வரிசையாகப் பீப்பாய்கள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு துளை, துளையில் மரத்தக்கை. பழைய மரம், ஈரக் கல், சாராயம், அதற்கெல்லாம் அடியில் வேறொரு வாடை. பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் ஒரு ஆள் படுத்திருந்தால் வருகிற வாடை. கணவர் அவளைக் கூட்டத்திலிருந்து விலக்கிக் கடைசி வரிசைக்கு அழைத்துப் போனார். அங்கே நன்றாகக் கேட்கும் என்றார். என்ன கேட்கும் என்று அவள் கேட்கவில்லை.

"ஒரே ஒரு நிமிஷம்" என்றது சுற்றிக் காட்டுகிறவளின் குரல், தொலைவிலிருந்து. "யாரும் பேசாதீங்க. பீப்பாய் மூச்சு விடறது காதுல கேக்கும்."

விளக்கு அணைந்தது.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மரம் நெரிகிற சின்னச் சத்தம். எங்கோ ஒரு சொட்டு. யாரோ தொண்டையைச் செருமி அடக்கிக்கொண்டது. பிறகு, அவள் தலைக்குப் பின்னால், மிக அருகில், ஒரு மூச்சு.

கணவரின் கை அவள் கையை விட்டது.

"வந்துட்டேன்டா கண்ணு" என்றார் இருட்டில். அத்தனை பிரியமான குரலை அவள் அவரிடம் கேட்டதே இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவள் நெஞ்சு நிறைந்துபோனது. "நம்ம ரெண்டு பேர் வில்லையையும் நானே மாட்டிட்டேன்டா அன்னைக்கு. சும்மா விளையாட்டுக்கு. உள்ள இருந்தவ தன்னோடத உன் கையில வெச்சுட்டு வெளிய வந்துடுவான்னும், கதவ மூடிடுவாங்கன்னும் தெரியல. வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் கையை நீட்டினாள். யாருடைய கையோ அதைப் பிடித்தது. ஊறிப்போன விரல்கள். துணி துவைத்த கை மாதிரி சுருங்கிய விரல்கள். ஒரு தேம்பல். அந்தக் கை அவள் உள்ளங்கையில் சில்லென்று எதையோ வைத்து அழுத்தி மூடியது.

விரலால் தடவிப் பார்த்தாள். வட்டம். உலோகம். நடுவில் எண்.

நாலு இல்லை.

விளக்கு எரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. கூட்டம் கதவைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடைசியாக அவள் கணவர். அவர் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண். இடுப்புவரை சடை பிடித்த கூந்தல், நீலமாக இருந்திருக்கக்கூடிய ஒரு கவுன்.

"என்னங்க!"

குரல் வந்தது. ஆனால் பீப்பாய்களைத் தாண்டிப் போகவில்லை. மணலில் ஊற்றிய தண்ணீர் போல மரம் அதைக் குடித்துவிட்டது. ஓடினாள். கல் தரையில் செருப்புச் சத்தம்கூட இல்லை. கதவை எட்டியபோது பூட்டு விழுந்துவிட்டது.

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். வெளியே அந்தப் பெண் நாலாம் எண் வில்லையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அடுத்த அறையில் இலவசமாக ஊற்றித்தரும் விஸ்கியின் மேல் இருந்தது. சுற்றிக் காட்டுகிறவள் விரலால் வில்லைகளைத் தட்டி எண்ணினாள். உதடு அசைவது தெரிந்தது. பன்னிரண்டு. பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். அவள் கையில் இருந்ததையும் பார்த்தாள். தலையை ஆட்டினாள். வேலை ஒழுங்காக முடிந்தது என்கிற தலையாட்டல்.

அவன் தன் கோட்டைக் கழற்றி அந்தப் பெண்ணின் தோளில் போர்த்தினான். அவன் முகம் முழுக்கக் கண்ணீர், முகம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் ஒருநாளும் பார்க்காத முகம் அது. அப்படியானால் இத்தனை நாளும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பெண் பார்க்க வந்த நாளிலேயே இதற்கு அளவெடுத்துவிட்டான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் என்னவென்று அவளுக்கு இப்போது தெரிந்தது. கழுத்து வலிக்கவில்லை. நம்பிய இடம்தான் வலித்தது.

அடித்தாள். கதவு மௌனம். அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே! அண்ணே!"

அவன் ஒரு தடவை திரும்பினான். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, நிதானமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி உதட்டை அசைத்தான். பழகிடும்.

போய்விட்டார்கள்.

உள்ளே விளக்கு அணைந்தது. கண்ணாடி வழியாக ஒரு கையளவு வெளிச்சம் மட்டும்.

கடைசி வரிசையில், டக்.

ஒரு தக்கை கல்லில் விழுந்து உருளும் சத்தம்.

டக். அதற்கு முந்தின வரிசை.

டக். டக். யாரும் தொடவில்லை. கிட்டே வந்தது.

அவள் முதுகைக் கதவில் ஒட்டினாள். எதிரே இருந்த பீப்பாயின் தக்கை மெல்லத் திரும்பியது. திரும்பியது. கழன்று விழுந்தது. கறுப்புத் துளை.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். வாயிலிருந்து மூச்சு வெள்ளையாக, நூல் மாதிரி, அறுபடாமல் வெளியே வந்தது. கையளவு வெளிச்சத்தில் அது நேராக நீண்டு, அந்தத் துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளால் வாயை மூட முடியவில்லை.