ஷூவுக்குள் விட்ட கை

கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் தரையில் ரத்தத் தடம். இடது கால் மட்டும். தடத்தைப் பதித்தவர் அடுப்படி வாசலில் நின்று, டீயில் சர்க்கரை இல்லையென்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கால்ல ரத்தம்..."

டம்ளர் மனைவியின் காதை உரசிப் போய்ச் சுவரில் மோதியது. சூடான டீ தோளில் வழிந்தது.

சோபாக்களுக்குத் துணி போர்த்தி ஆணி அடிப்பது அவர் தொழில். தெருவில் சோபாக்காரர் என்றால்தான் தெரியும். ஊரார் உட்காரும் இடத்தையெல்லாம் மெத்தையாக்கியவர், வீட்டில் ஒருத்தரை நிம்மதியாக உட்காரவிட்டதில்லை.

சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன அன்றே, வாசற்படியில் வைத்து மனைவியின் கையைத் திருகிச் சொல்லிவிட்டார்: "எங்கம்மா காதுக்கு இது போச்சு, உன் பல்லு உன் வாயில இருக்காது." அவருடைய அப்பாவுக்கு முதலில் காலும் பிறகு உயிரும் போனது இதே நோயில்தான். பேரைச் சொல்லாவிட்டால் நோய் இல்லை என்பது மகனின் கணக்கு. மாத்திரைகள் சாக்கடைக்குப் போயின. அவள் சோற்றைக் குறைத்தால் தட்டு பறக்கும். இனிப்பை ஒளித்தால் அறை விழும். மாமியாருக்குத் தெரிந்ததெல்லாம், உழைத்துக் களைத்து வரும் பிள்ளைக்கு மருமகள் வயிறாரப் போடுவதில்லை என்பதுதான். அதனால் முந்தானையில் மிட்டாயை முடிந்து வைத்திருந்து, மருமகள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் மகன் வாயில் போடுவாள். கஞ்சப்பிசினாறி என்ற பட்டத்தை மருமகள் வாய் திறக்காமல் சுமந்தாள்.

இன்று ரத்தத் தடத்தைப் பார்த்த மாமியார் வாசலில் கிடந்த இடது ஷூவை எடுத்துத் திருப்பினாள். அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு சோபா ஆணி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கி எடுத்தாள்.

"நேத்து காலையில இவ ஷூவுக்குள்ள கைய விட்டுத் துழாவிட்டிருந்தா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். பட்டினி போட்டுக் கொல்றது போதலைன்னு ஆணி வச்சியாடி?"

மகன் மனைவியின் முடியைப் பிடித்து, முகத்தை அடுப்பு மேடையில் மோதினார். புருவம் கிழிந்தது. இப்போது தரையில் இரண்டு பேருடைய ரத்தம். வலித்தது ஒருத்திக்கு மட்டும்தான்.

தினமும் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்க்கச் சொன்னது டாக்டர். ஆணி கிடந்தாலும் நோயில் மரத்துப்போன அந்தக் கால்களுக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தார். நேற்றுக் காலை உள்ளே ஒன்றும் இல்லை. ஆணி பட்டறையில் ஏறியிருக்கிறது. அதன் மேலேயே நின்று வேலை பார்த்து, வீடு வரை நடந்து, காலுறையோடு தூங்கி எழுந்திருக்கிறார்.

அவள் புருவத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"அத்தை, அவரைக் கண்ண மூடிக்கச் சொல்லுங்க. அந்த ஆணிய நீங்களே அவர் வலது கால்ல வச்சுப் பாருங்க."

"என்னடி புது நாடகம்?"

"நான் வச்சா குத்திட்டேன்னு சொல்லுவீங்க. பெத்த கை குத்தாதே."

"வச்சுப் பாரும்மா," என்றார் சோபாக்காரர். "பாத்துட்டு இவள இன்னைக்கே வெளிய தள்றேன்."

வலது காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, காலை நீட்டிக் கண்ணை மூடினார். மாமியார் ஆணியின் நுனியைக் கட்டைவிரலில் வைத்தாள். மகன் அசையவில்லை. அழுத்தினாள். நுனி உள்ளே இறங்கியது. சிவப்பாக ஒரு துளி கிளம்பி உருண்டது.

"எவ்ளோ நேரம்மா? வையேன்," என்றார் அவர்.

மாமியார் ஆணியிலிருந்து கையை எடுத்தாள். இதை அவள் ஏற்கெனவே ஒரு காலில் பார்த்திருக்கிறாள். அந்தக் காலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத்தான் அவள் புருஷன் வீடு திரும்பினார்.

சோபாக்காரர் கண்ணைத் திறந்தார். தன் விரலில் ஆணி நிற்பதைப் பார்த்தார்.

"வலிக்கலையேம்மா..." குரலில் பழைய வீறாப்பு இல்லை.

மாமியார் ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவரை ஓங்கி அறைந்தாள். அது வலித்தது போலிருந்தது. பிறகு முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். மிட்டாய்கள் ரத்தத்தின் மேல் உருண்டன.

"என் கையாலயே ஊட்டி ஊட்டி... ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

மருமகள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியாருக்கு அதுவே போதுமாயிருந்தது. மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். புருவத்து ரத்தம் கிழவியின் தோளில் ஊறியது. மருமகளும் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு விலகினாள்.

"மிச்சத்த ஆஸ்பத்திரியில அழலாம் அத்தை. வண்டி கூப்பிடுங்க."

"நீயும் வருவேல்ல?" என்று கேட்டார் சோபாக்காரர்.

"வருவேன். என் புருவத்துக்கும் தையல் போடணும். எப்படிக் கிழிஞ்சதுன்னு டாக்டர் கேப்பாரு. சொல்லுவேன். இனிமே உங்களுக்காக எதையும் மறைக்க மாட்டேன்."

அவருடைய பழைய ஷூ ஜோடியை எடுத்து வந்தாள். வழக்கம்போல உள்ளே கைவிடப் போனவள் நிறுத்தினாள். அவர் மடியில் வைத்தாள்.

"நீங்களே பாத்துப் போட்டுக்குங்க."

அவர் ஷூவுக்குள் கையை விட்டார்.