சுவர் ஓட்டைக் குடித்தனம்

புதுக் குடியிருப்பில் பாதி வீடுகளுக்குத்தான் ஆட்கள் வந்திருந்தார்கள். மீதி வீடுகளில் சிமெண்ட் வாசனை குடியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் முன்பே அங்கே குடிவந்துவிட்ட குடும்பம் ஒன்று உண்டு. கட்டடம் கட்டும்போது சாரக் கம்பு செருகிய ஓட்டை ஒன்று, ஒரு வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மூடாமல் கிடந்தது. அதில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

இது அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் எதைத்தான் சொன்னாள்? அண்ணன் அவளுக்கு வைத்த பெயரே உம்மணாமூஞ்சி. வகுப்பில் டீச்சர் மேசையைத் தட்டி, "நீ சொல்லு" என்றால் போதும், தெரிந்த பதிலும் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

அன்று பெயிண்ட் அடிப்பதற்காக மறுபடியும் சாரம் கட்டியிருந்தார்கள். அதில் நின்றபடி, கொத்தனார் ஓட்டைகளை அடைத்துக்கொண்டே மேலிருந்து இறங்கி வந்தார். கரண்டியால் சுவரை டக் டக்கென்று தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். பிறகு கலவையை அப்புவார்.

அவளுடைய ஜன்னலுக்கு நேரே வந்துவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அதற்குள் டக் டக். கலவை ஓட்டையை மூடிவிட்டது.

வாயில் புழுவோடு தாய்க்குருவி வந்தது. ஓட்டை இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறந்தது.

அதைப் பார்த்ததும் தன் தொண்டை எப்படித் திறந்துகொண்டது என்று அவளுக்கே தெரியாது.

"மாமா, உள்ள குஞ்சு இருக்கு."

கொத்தனார் திரும்பினார். "இருந்தா கத்தியிருக்குமே பாப்பா. அதுக்குத்தானே ஒவ்வொண்ணையும் தட்டிப் பாக்குறேன்?"

"தட்டினா கத்தாது. பயந்துபோய் வாயை மூடிக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அப்படித்தான்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஈரக் கலவையை வழித்தெடுத்தார். உள்ளே கொஞ்சம் வைக்கோல் தெரிந்தது. சத்தமே இல்லை. பழைய கூடாக இருக்கும் என்றார். கலவை இறுகிப்போகும், மேற்பார்வையாளர் வேறு வந்து கத்துவார் என்று முனகினார்.

நிஜமாகவே நேரம் கடந்துவிட்டதோ? உள்ளே வந்து சும்மா உட்காருங்கள் என்று கெஞ்சினாள்.

மகள் இத்தனை பேசியதே அம்மாவுக்கு அதிசயம். பால்கனி வழியாக வந்த கொத்தனாருக்கு ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கொத்தனாருக்குக் கால் துடித்தது.

குருவி வந்து சாரக் கம்பில் உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் பார்த்தது. ஓட்டைக்குள் தலையை நீட்டியது.

கீச், கீச், கீச். எத்தனை வாய்கள் என்றே தெரியவில்லை.

"அடப்பாவமே, உயிரோட மூடப் பாத்தேனே" என்று கொத்தனார் தலையில் கை வைத்தார். உடனே மேலே ஏறி, அடைத்த ஓட்டைகளையெல்லாம் கலவை காய்வதற்குள் தோண்டிப் பார்த்தார். நல்லவேளை, எதிலும் ஒரு துரும்புகூட இல்லை.

மேற்பார்வையாளர் வந்ததும் முகத்தைச் சுளித்தார். ஓட்டையை விட்டால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும் என்றார்.

அவள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஜன்னலுக்கு மேல மழை விழாம கட்டியிருக்கீங்கல்ல? அதுக்கும் சின்னதா ஒண்ணு கட்டலாமே."

மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். அவர் சரி என்று சொல்வதற்கு முன்பே கொத்தனார் கலவையை எடுத்துவிட்டார். இரண்டு விரல் அகலத்தில் ஓட்டைக்கு மேலே ஒரு குட்டிக் கூரை முளைத்தது.

பிறகு அவர் கீழே இருந்த அடுத்த ஓட்டைக்கு இறங்கினார். தட்டுவதற்குக் கரண்டியை ஓங்கியவர், அப்படியே நிறுத்திக் கீழே வைத்தார். தள்ளிப்போய்ச் சாரத்தில் உட்கார்ந்து ஓட்டையையே பார்த்தார். மேலே ஜன்னலிலிருந்து அவளும் பார்த்தாள்.

அப்போதுதான் அண்ணன் தடதடவென்று வீட்டுக்குள் ஓடிவந்தான்.

"ஏய் உம்மணாமூஞ்சி, அங்க என்ன பண்றே?"

"உஷ்" என்றாள் அவள். கீழேயிருந்தும் ஒரு "உஷ்" வந்தது.